கிரேக்கர்களின் ஒப்பாரி: ஹெக்டரின் கட்டில் முதல் எலும்புப் பெட்டி வரை

கேள்வி இதுதான்: கிரேக்கர்களிடம் ஒப்பாரி மரபு உண்டா? பழங்கால ஏதென்ஸின் சாவுச் சடங்குகளில் இன்றைய ஆர்த்தடாக்ஸ் கிறித்தவக் கிரேக்கத்தில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது?

உண்டு. ஹோமரின் காவியத்திலேயே இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் தெற்குக் கிரேக்கத்தின் மானி மலைக் கிராமங்களில் ஆய்வாளர்கள் நேரில் கேட்டு எழுதியும் வைத்திருக்கிறார்கள். ஆனால் "மூவாயிரம் ஆண்டாக அறுபடாத மரபு" என்று சுற்றுலாப் பிரசுரங்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பாட்டின் சொல் மாறியது, தெய்வம் மாறியது, எரிப்பதும் புதைப்பதும் மாறி மாறி வந்தன. நிலைத்து நின்றவை இரண்டு. பிணத்தைத் தொட்டுச் செய்யும் வேலையும் அழுது பாடும் வேலையும் பெண்கள் கையிலேயே இருந்தன. ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடும் முறையும் போகவில்லை. கூடவே இன்னொன்றும் தொடர்ந்து வந்தது: அந்தக் குரலை அடக்க முதலில் நகர அரசும் பிறகு திருச்சபையும் செய்த முயற்சி. நமக்கு இன்று தெரிந்திருக்கும் நுணுக்கமான விவரங்கள் பலவும் அந்தத் தடைச் சட்டங்களிலிருந்தே கிடைத்தவை. எதைத் தடுத்தார்கள் என்று பார்த்தால் எது நடந்தது என்று தெரிந்துவிடும்.

முதலில் ஹோமர். இலியட்டின் கடைசிப் பகுதியான 24ஆம் காண்டத்தில், ட்ராய்ப் போரில் இறந்த வீரன் ஹெக்டரின் உடல் ட்ராய் நகரத்துக்குத் திரும்புகிறது. கட்டிலில் கிடத்துகிறார்கள். பக்கத்தில் பாடகர்களை உட்காரவைக்கிறார்கள். இவர்கள் பாடுவதற்கு 'த்ரீனோஸ்' என்று பெயர். அது முறையாகக் கட்டிய பாட்டு, தொழிலாகப் பாடுபவர்களுடையது. அவர்கள் ஓர் அடி பாட, சுற்றியிருக்கும் பெண்கள் விம்மலால் பதில் கொடுக்கிறார்கள். அதன்பின் மனைவி ஆண்ட்ரமக்கி, தாய் ஹெகபே, கடைசியாக ஹெலன் என்று மூன்று பெண்கள் ஒருவர் பின் ஒருவராக அழுகிறார்கள். உறவுக்காரர்கள் அந்த இடத்திலேயே கட்டி அழும் இதற்கு 'கோஓஸ்' என்று பெயர். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டால் பின்னால் வரும் சட்டங்கள் எதுவும் புரியாது.

ஆண்ட்ரமக்கி அழுவதைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். கணவன் தலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அவனிடமே பேசுகிறாள். சின்ன வயதிலேயே போய்விட்டாய், என்னை விதவையாக விட்டுவிட்டாய், பிள்ளை கைக்குழந்தை என்று தொடங்குகிறாள். நகரம் விழுந்தால் தனக்கும் பிள்ளைக்கும் என்ன நேரும் என்று கணக்குப் பார்க்கிறாள். முடிக்கும்போது சொல்வதுதான் நெஞ்சை அறுக்கும்: படுக்கையில் கிடந்து என் பக்கம் கை நீட்டிச் சாகவில்லையே, இரவும் பகலும் நினைத்து அழுவதற்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் போனாயே. இறந்தவரை நேருக்கு நேர் விளித்தல், குற்றம் சொல்லுதல், தன் கதியைச் சொல்லுதல் என்ற இந்த மூன்றும் இருபதாம் நூற்றாண்டுப் பாட்டிகளின் பாட்டு வரை மாறாமல் வருகின்றன.

ஒன்பது நாள் விறகு சேர்த்துப் பத்தாம் நாள் ஹெக்டரை எரிக்கிறார்கள். மறுநாள் தணலை மது ஊற்றி அணைத்து, வெள்ளை எலும்புகளைப் பொறுக்கி, ஊதாத் துணியில் சுற்றி, தங்கப் பெட்டியில் வைத்துப் புதைக்கிறார்கள்.

ஏதென்ஸ் நகரத்துச் சடங்குக்கு இரண்டு பெரிய கட்டங்கள் உண்டு. உடலை வீட்டில் கிடத்துவது 'புரோதெசிஸ்', எடுத்துச் செல்வது 'எக்போரா'. வீட்டுப் பெண்களே உடலைக் குளிப்பாட்டி, எண்ணெய் தடவி, துணி உடுத்தி, கால் வாசலைப் பார்க்கக் கட்டிலில் கிடத்துவார்கள். வாய் திறந்துகொள்ளாமல் இருக்க மோவாயைச் சேர்த்துத் தலையோடு துணியால் கட்டுவார்கள். இந்தக் கட்டு ஓவியங்களில் தெளிவாகத் தெரிகிறது. வாசலில் வெளியிலிருந்து கொண்டுவந்த தண்ணீர் ஒரு பாத்திரத்தில் இருக்கும். துக்க வீட்டுத் தண்ணீர் தீட்டுப்பட்டது என்பதால் பக்கத்து வீட்டிலிருந்து வாங்கி வைப்பார்கள், வந்து போகிறவர்கள் அதைத் தெளித்துக்கொண்டு போவார்கள். இறந்தவரைப் பாதாளத்துக்குக் கொண்டுபோகும் படகோட்டி காரோனுக்குக் கூலியாக வாயில் ஒரு சின்னக் காசு வைக்கும் வழக்கமும் உண்டு. ஆனால் அகழ்ந்தெடுத்த கல்லறைகளில் காசு இல்லாதவையே அதிகம். எல்லோரும் செய்த சடங்கு என்று எண்ண வேண்டாம்.

ஏதென்ஸ் தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் 'டிபிலோன்' ஜாடி என்று ஒன்று இருக்கிறது. கி.மு. 760-750 வாக்கில் ஒரு பெண்ணின் கல்லறைக்கு மேல் அடையாளமாக நட்ட ஜாடி, உயரம் 1.55 மீட்டர். அதன் நடுப்பட்டையில் பாடையில் உடல், இரண்டு பக்கமும் வரிசையாக ஆட்கள். இரண்டு கையும் தலைமேல், முழங்கை வெளியே விரிந்து முக்கோணமாக நிற்கிறது. தலையில் அடித்துக்கொள்வதைக் கோடுகளாலேயே காட்டியிருக்கிறான் அந்தக் குயவன். இருநூறு ஆண்டு கழித்து வந்த ஓவியங்களில் ஆண்கள் ஒரு கையை முன்னால் உயர்த்தி வணங்கி நிற்பார்கள். பெண்கள்தான் தலைமுடியைப் பிய்த்துக்கொண்டு உடலின் தலைமாட்டில் இருப்பார்கள். யார் எங்கே நிற்பது என்பதெல்லாம் வரையறுத்த விஷயம்.

இனி சட்டங்கள். கி.மு. 594 வாக்கில் சட்டம் வகுத்த சோலோன் ஏதென்ஸுக்குக் கொண்டுவந்தவை என்று சொல்லப்படுவன: முகத்தையும் மாரையும் கீறிக்கொள்ளக் கூடாது, கட்டிவைத்த த்ரீனோஸ் பாடக் கூடாது, ஒருவர் சாவில் வேறொருவரை நினைத்து அழக் கூடாது, மாடு பலியிடக் கூடாது, மூன்று உடைக்கு மேல் உடன் புதைக்கக் கூடாது. கிடத்துவது வீட்டுக்குள்ளேயே. அடுத்த நாள் பொழுது விடியுமுன் எடுத்துவிட வேண்டும். ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால். நெருங்கிய உறவு இல்லாத பெண் வர வேண்டுமானால் அறுபது வயது கடந்திருக்க வேண்டும்.

மற்ற ஊர்ச் சட்டங்கள் கல்லிலேயே கிடைத்திருக்கின்றன. கியோஸ் தீவின் யூலிஸ் நகரத்துக் கல்வெட்டு கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. மூன்று வெள்ளைத் துணி, மொத்த மதிப்பு 100 திராக்மாவுக்கு (பழங்கிரேக்க நாணயம்) மேல் போகக் கூடாது. கல்லறைக்குக் கொண்டுபோகும் மது மூன்று 'கோஸ்' (ஒரு கோஸ் சுமார் மூன்றேகால் லிட்டர்), எண்ணெய் ஒரு கோஸ்; பாத்திரங்களைத் திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும். உடலை மூடி, சத்தமில்லாமல் எடுக்க வேண்டும். மறுநாள் விடிகாலையில் வீட்டில் கடல் தண்ணீர் தெளிக்க வேண்டும். முப்பதாம் நாள் சடங்கு கூடாது. டெல்ஃபியில் லாபியாதாய் என்ற குலக் குழுவின் கல்வெட்டு இன்னும் நுணுக்கமாகப் போகிறது: செலவு 35 திராக்மாவுக்குள், தெருத் திருப்பங்களில் பாடையை இறக்கி வைக்கக் கூடாது, கல்லறை சேரும்வரை வீட்டுக்கு வெளியே கதறக் கூடாது, முன்பே செத்தவர்களின் கல்லறையில் நின்று அழக் கூடாது. தெருமுனையில் பாடையை இறக்கி ஊர்கூடி அழும் வழக்கம் இருந்ததால்தான் அதைப் பெயர் சொல்லித் தடுத்திருக்கிறார்கள்.

ஏன் இத்தனை கெடுபிடி? சிக்கனம் ஒரு காரணம்தான். பெரிய குலங்களுக்குச் சாவு வீடு என்பது ஆள்பலத்தைக் காட்டும் இடம், சொத்துரிமையை உறுதிசெய்யும் இடம், கொலையாக இருந்தால் பழிவாங்கும் சபதம் எடுக்கும் இடமும் அதுவே. "அவனைக் கொன்றவன் இன்னும் நடமாடுகிறானே" என்று ஒரு பெண் பாடினால் அந்த வீட்டு ஆண்களால் சும்மா இருக்க முடியாது. நகரத்துக்கென்று நீதிமன்றம் வந்தபின் இந்தக் குரல் அதற்குப் போட்டியானது. என் கருத்தில் சட்டத்தின் உண்மையான குறி செலவைவிட இந்தக் குரல்தான்.

தடுத்த குரல் வேறு இடம் தேடிக்கொண்டது. துன்பியல் நாடகத்தில் நடிகரும் கோரஸும் மாறி மாறிப் பாடும் புலம்பலுக்குக் 'கொம்மோஸ்' என்று பெயர். மாரில் அடித்துக்கொள்வதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. கி.மு. 472இல் அரங்கேறிய ஈஸ்கிலஸின் 'பாரசீகர்கள்' நாடகம் முடிவதே ஒப்பாரியில்தான். தோற்றுத் திரும்பிய மன்னன் செர்க்செஸ் "மாரில் அடி, தாடியைப் பிய், துணியைக் கிழி" என்று எடுத்துக் கொடுக்க, முதியவர்களின் கோரஸ் அப்படியே செய்து பதில் பாடுகிறது. வீட்டில் பெண்கள் செய்தது மேடையில் ஆண்கள் தொண்டையில் வந்துவிட்டது.

போரில் இறந்தவர்களுக்கு நகரமே சடங்கு செய்தது. வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் விவரிக்கும் கி.மு. 431-430 குளிர்காலச் சடங்கில் எலும்புகளை மூன்று நாள் பந்தலில் வைத்தார்கள். குலத்துக்கு ஒன்றாகப் பத்து சைப்ரஸ் மரப் பெட்டிகள். உடல் கிடைக்காதவர்களுக்காக விரிப்புப் போட்ட வெற்றுப் பாடை ஒன்று. ஒப்பாரியின் இடத்தில் நகரத் தலைவர் பெரிக்ளிஸின் உரை வந்தது. உறவுப் பெண்கள் கல்லறையருகே அழலாம், ஆனால் எல்லோர் கவனமும் பேச்சின்மேல்.

அதே காலத்து ஏதென்ஸில் கல்லறைக்கு எண்ணெய் கொண்டுபோகும் 'லிகிதோஸ்' குப்பியையும் சொல்ல வேண்டும். ஒல்லியான கழுத்து, வெள்ளைப் பூச்சு, அதன்மேல் கோட்டோவியம்: பெரும்பாலும் கல்லறைத் தூணுக்கு நாடா கட்டும் பெண், கையில் கூடை. இந்த வெள்ளைப் பூச்சு கை பட்டால் உதிரும் என்பதால் தினசரிப் புழக்கத்துக்கு ஆகாது, கல்லறைக்கு மட்டும்தான். சில குப்பிகளின் கழுத்துக்குக் கீழே உள்ளே ஒரு குட்டிக் கிண்ணம் ஒட்டியிருக்கிறது. வெளியில் பார்த்தால் குப்பி நிறைந்திருக்கும், உண்மையில் எண்ணெய் அந்தக் கிண்ணத்தளவுதான். சூளையில் சுடும்போது அடைபட்ட காற்று விரிந்து குப்பி வெடித்துவிடும் என்பதால் வெளிச்சுவரில் காற்றுப்போக ஒரு சிறு துளை விட்டிருப்பார்கள். அந்தத் துளையைப் பார்த்தால் இது அந்த வகைக் குப்பி என்று கண்டுகொள்ளலாம். எண்ணெய் விலை அப்படி. வசதியில்லாத வீடும் முறையை விடவில்லை.

கிறித்தவம் வந்தபின் சண்டை வேறு வடிவம் எடுத்தது. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் திருச்சபைப் போதகர் ஜான் கிறிசோஸ்டம் கூலிக்கு மாரடிக்கும் பெண்களைக் கடுமையாகத் திட்டினார். உயிர்த்தெழுதலை நம்புகிறவர்கள் முடியைப் பிய்த்துக்கொள்வதா என்று கேட்டு, கேளாதவர்களைத் தேவாலயத்துக்குள் விடமாட்டேன் என்று மிரட்டினார். ஒப்பாரிக்குப் பதில் திருப்பாடல்கள் வந்தன. இன்றும் ஆர்த்தடாக்ஸ் அடக்கச் சடங்கில், டமாஸ்கஸ் ஜான் இயற்றியதாகச் சொல்லப்படும் எட்டுப் பாடல்களை எட்டு இசைமுறையில் பாடுகிறார்கள். திறந்த பெட்டி, வந்தவர்கள் கொடுக்கும் கடைசி முத்தம், பிறகு மண். எல்லாம் அடங்கிய குரலில்.

ஆனால் ஒப்பாரி தேவாலயத்துக்குள்ளும் போய்விட்டது. புனித வெள்ளி இரவில் 'எபிதாஃபியோஸ்', அதாவது கிறிஸ்துவின் உடலைப் படமாகத் தைத்த துணியைப் பூ அலங்கரித்த பாடையில் வைத்து ஊர்வலம் எடுக்கிறார்கள். முந்தின இரவு முழுக்கப் பெண்கள் விழித்திருந்து அந்தப் பாடைக்குப் பூக் கட்டுவார்கள். கட்டும்போதே மகனைப் பறிகொடுத்த மரியாளின் ஒப்பாரியைப் பாடுவார்கள். அந்தப் பாட்டு வழிபாட்டு நூலில் கிடையாது. தாய் மகனைக் கேட்டு அழும் முறை அப்படியே கிராமத்துப் பெண்ணுடையது. பாதிரியார் வழிபாடு முடித்துப் போனபின் நடக்கும் இந்த இரவுதான் இன்றைக்கு ஒருவர் கிரேக்க ஒப்பாரியை நேரில் கேட்க எளிதான வாய்ப்பு.

நாட்டுப்புற ஒப்பாரிக்கு 'மிரொலோயி' என்று பெயர். பெரும்பாலான பகுதிகளில் அடிக்குப் பதினைந்து அசை. எட்டில் ஒரு நிறுத்தம், பிறகு ஏழு. எட்டில் நிற்பதுதான் கட்டிப் பாடுகிறவளுக்குக் கைகொடுக்கிறது. முதல் பாதியைச் சொல்லும்போதே அடுத்த ஏழு அசையை மனசு தேடிக்கொள்ளும். வராவிட்டால் ஏற்கெனவே பழகிய ஒரு பாதியடி கைவசம் இருக்கும். "எங்கே கிளம்பிவிட்டாய், எதற்கு இப்படி உடுத்தியிருக்கிறாய்" என்ற கேள்வியில் ஆரம்பிப்பது பொது வழக்கம். இன்னொருத்தி இறந்தவர் குரலில் பதில் சொல்வாள். இறந்தது ஆண்பிள்ளை என்றால் பாட்டில் அவன் சைப்ரஸ் மரம். போகும் இடமோ சேவல் கூவாத ஊர். பழைய படகோட்டி காரோன் இங்கே 'ஹாரோஸ்' என்று பெயர் மாறி, கறுப்புக் குதிரையில் வந்து உயிரைப் பிடித்துப் போகும் வீரனாகிவிட்டான்.

கல்யாணமும் சாவும் ஒன்றோடொன்று கலப்பது இந்தப் பாட்டுகளின் உயிர். மணமாகாதவர் இறந்தால் கல்யாண உடையும் தலைக்கு மணமாலையும் வைத்துப் புதைப்பார்கள். பழங்கால ஏதென்ஸிலும் மணமாகாதவர் கல்லறையில் திருமணக் குளியலுக்கான ஜாடியை வைத்தார்கள். ஒரு பழைய பாட்டில் சாகக் கிடக்கும் இளைஞன் ஊருக்குச் செய்தி அனுப்புகிறான்: நான் செத்தேன் என்று சொல்லாதீர்கள், கல்யாணம் ஆனது என்று சொல்லுங்கள், கல்லறைப் பலகை மாமியார், கறுப்பு மண் மனைவி, கூழாங்கற்கள் மைத்துனன்மார்.

தெற்குக் கிரேக்கத் தீபகற்பமான பெலொப்பொனீஸின் தென்கோடியில் உள்ள மானி தனி. அங்கே அடிக்கு எட்டு அசைதான். கூடி அழும் நிகழ்ச்சிக்குக் 'கிளாமா' என்று பெயர். கறுப்புத் துணி போர்த்திய பெண்கள் உடலைச் சுற்றி நெருக்கி உட்காருவார்கள். ஒருத்தி தலைமை ஏற்பாள். மற்றவர்கள் அவள் அடியின் கடைசியை வாங்கி, இழுத்து, அழுகையால் முடிப்பார்கள். அடுத்தவள் நடுவில் புகுந்து முறையைத் தன்பக்கம் வாங்கிக்கொள்வாள். ஆண்கள் ஓரத்தில் நிற்பார்கள். குடும்பப் பகையும் கோபுர வீடுகளும் நிறைந்த ஊர் என்பதால் கொன்றவன் பெயர், பங்கு கிடைக்காத மகள், மருமகளைப் படுத்திய மாமியார் என்று எல்லாம் அங்கே வெளியே வரும். சுற்றியிருப்பவர்கள் வாங்கிப் பாடினால் அது சாட்சி சொன்னதற்குச் சமம். வாங்காமல் மௌனமானால் அவள் சொன்னதை ஏற்கவில்லை. சோலோன் எதற்குப் பயந்தாரோ அது இங்கே இருபதாம் நூற்றாண்டு வரை இருந்தது. மானியில் கெட்ட சாவு எது என்று கேட்டால், அழ ஆளில்லாமல் போவதுதான்.

பாட்டுச் சேகரிக்கப் போகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். சாவில்லாத வீட்டில் மிரொலோயி பாடுவது சாவைக் கூப்பிடுவது போல என்று பெண்கள் மறுத்துவிடுவார்கள். வற்புறுத்தக் கூடாது.

வடமேற்கில் இபிருஸ் மலைப்பகுதியில் மிரொலோயி வாத்தியத்துக்கே போய்விட்டது. அரைச்சுரம் இல்லாத ஐந்து சுர அமைப்பு. வயலினும் லவுத்தோ என்ற தந்தி வாத்தியமும் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொள்ள, கிளாரினெட் மேலிருந்து வழுக்கி வழுக்கி இறங்கும். அழுகை இறங்குவது போலவே இருக்கும். ஊர்த் திருவிழாவே அங்கே இந்த வாசிப்பில்தான் தொடங்குகிறது. அந்த நேரத்தில் யாரும் ஆடமாட்டார்கள், அந்த ஆண்டு போனவர்களை நினைத்து உட்கார்ந்திருப்பார்கள். ஆட்டம் பிறகு. இபிருஸிலிருந்து அமெரிக்கா போன வயலின்காரர் அலெக்சிஸ் சும்பாஸ் 1926இல் நியூயார்க்கில் பதிவு செய்த மிரொலோயி இசைத்தட்டு இன்றும் கேட்கக் கிடைக்கிறது. ஒப்பாரி என்ன என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர் அதிலிருந்து தொடங்கலாம்.

நாள் கணக்கு: பழங்காலத்தில் மூன்று, ஒன்பது, முப்பது. இன்று மூன்று, ஒன்பது, நாற்பது. பிறகு ஆண்டு நிறைவு. கிறிஸ்து உயிர்த்து நாற்பதாம் நாள் விண்ணேறினார் என்பதால் முப்பது நாற்பதானது. அடக்கம் முடிந்ததும் கசப்புக் காப்பி, பிராந்தி, ரஸ்க். பிறகு 'மக்காரியா' என்ற சாப்பாடு, அதில் மீன்தான், இறைச்சி இல்லை. வீட்டாரிடம் சொல்லும் வார்த்தை "உங்களுக்கு ஆயுசு".

நினைவு நாளுக்குக் 'கொலிவா' செய்ய வேண்டும். இது வேகவைத்த கோதுமை. ஒரு கிலோ முழுக் கோதுமையைக் கழுவி, மெதுவான தீயில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் வேகவைக்கலாம். மெத்தென்று ஆக வேண்டும், வெடிக்கக் கூடாது. வடித்து, குளிர்ந்த நீரில் அலசி, சுத்தமான துணியில் பரப்பி இரவு முழுக்க உலர விட வேண்டும். பெரும்பாலானவர்கள் கெடுத்துக்கொள்வது இந்த இடத்தில்தான். ஈரம் இருந்தால் காலைக்குள் புளித்துவிடும், மேலே போடும் சர்க்கரையும் கரைந்து மஞ்சளாகிவிடும். காலையில் கால் கிலோ உலர்திராட்சை, உடைத்த வாதுமை, அக்ரூட், பட்டைப் பொடி, பொடியாக நறுக்கிய பார்ஸ்லி கலந்து, மாதுளை முத்துகளைக் கடைசியில் சேர்க்க வேண்டும். முன்பே போட்டால் நீர் விடும். தட்டில் குவித்து அழுத்தி, மேலே வறுத்த மாவையோ பொடித்த ரஸ்க்கையோ ஒரு விரற்கடை கனத்துக்குப் பரப்ப வேண்டும். ஈரம் மேலே ஏறாமல் தடுப்பது இந்த அடுக்குதான். அதன்மேல் அரைக்கிலோ பொடிச் சர்க்கரையைச் சலித்துத் தூவி, எண்ணெய்க் காகிதத்தால் வழவழப்பாக அழுத்தி, வெள்ளிநிற மிட்டாய்களால் சிலுவையும் இறந்தவர் பெயரின் முதல் எழுத்தும் பதிப்பார்கள். தேவாலயத்தில் மந்திரித்தபின் கிளறி, சின்னப் பைகளில் போட்டு எல்லோருக்கும் கொடுப்பார்கள். வாங்கியவர் "கடவுள் அவரை மன்னிக்கட்டும்" என்று சொல்லிச் சாப்பிட வேண்டும். பழங்கால ஏதென்ஸின் அந்தெஸ்தீரியா விழாவின் மூன்றாம் நாள் பல தானியத்தைப் பானையில் வேகவைத்துப் பாதாளத்துத் தெய்வம் ஹெர்மிஸுக்குப் படைத்தார்கள். கொலிவா அதன் நேர் வாரிசு என்பார்கள். ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது: அந்தப் பானையிலிருந்து யாரும் சாப்பிடக் கூடாது, கொலிவாவை எல்லோரும் சாப்பிட்டாக வேண்டும்.

கடைசிச் சடங்கு எலும்பெடுப்பு. புதைத்து மூன்று ஆண்டு, சில கிராமங்களில் ஐந்து ஆண்டு கழித்துத் தோண்டுவார்கள். ஏதென்ஸ் நகராட்சிக் கல்லறைகளில் இடம் மூன்று ஆண்டு வாடகைக்குத்தான். உள்ளே நெருங்கியதும் மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையால் மண்ணை விலக்குவார்கள். முதலில் வெளியே வருவது மண்டையோடு. கிராமங்களில் அதை வெள்ளைக் கைக்குட்டையில் ஏந்தி, பெண்கள் ஒவ்வொருவராக முத்தமிட்டு, நெற்றியில் ஒற்றி, அதன்மேல் பணம் வைப்பார்கள். பிறகு மற்ற எலும்புகள். தண்ணீரிலும் மதுவிலும் கழுவி, வெயிலில் உலர்த்தி, பெயரெழுதிய தகரப் பெட்டியில் அடுக்கி எலும்பு மாடத்தில் வைப்பார்கள். ஹெக்டரின் தணலில் ஊற்றிய மதுவும் இதுவும் ஒன்று என்று சொல்ல ஆசையாக இருக்கும். இடையிலிருக்கும் சான்று அதற்குப் போதாது.

எலும்பு வெள்ளையாகவோ தேன் மஞ்சளாகவோ இருந்தால் நல்ல ஆன்மா, கறுத்திருந்தால் பாவம் தீரவில்லை என்பது நம்பிக்கை. உடல் கரையாமலேயே இருந்தால் வீட்டாருக்கு அது இரண்டாவது சாவு. உண்மையான காரணம் மண்ணில் இருக்கிறது: களிமண், தேங்கும் நீர், காற்றுப் புகாத பெட்டி, மக்காத செயற்கைத் துணி, மறுபடி மறுபடி அதே குழியில் புதைத்துச் செத்துப்போன மண். அப்படி ஆனால் வேறு இடத்தில் ஆழமில்லாமல் மறுபடி புதைத்துக் காத்திருக்க வேண்டும். அதனால் அனுபவமுள்ளவர்கள் பருத்தி அல்லது லினன் உடையும் வார்னிஷ் இல்லாத மரப் பெட்டியும் கேட்டு வாங்குகிறார்கள். எரிப்பதற்கு 2006இல் சட்டம் வந்தும், நாட்டின் முதல் தகன நிலையம் ரிட்சோனாவில் திறந்தது 2019இல்தான். அதுவரை உடலைப் பல்கேரியாவுக்குக் கொண்டுபோய் எரித்துவந்தார்கள். தானாக விரும்பித் தகனத்தைத் தேர்ந்தவருக்குத் திருச்சபை அடக்க வழிபாடு செய்வதில்லை.

தகனம் செய்தவருக்கு எலும்பெடுப்பு கிடையாது. கிராமங்களில் அடக்கத்தன்று பாதிரியார் பாட்டுக்கு இடம்விட்டு ஒதுங்கி நிற்கும் கிழவிகள், மூன்றோ ஐந்தோ ஆண்டு கழித்து மண்டையோடு வெளியே வரும் அந்த நிமிடத்தில்தான் வாய்விட்டுப் பாடுவார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, முடி எங்கே, கண் எங்கே என்று கேட்பார்கள்.